பாப்பாவின் இருமலும் அம்மாவின் ஊக்கும்

பாப்பாவுக்கு மரியாதையால் இருமல் பிடித்தது.

அந்த நாட்டில் வந்து இறங்கி, குளிர் எலும்புக்குள் போய்ச் சேர்வதற்கு முன்பே, முதல் நாள் காலையிலேயே பிடித்துக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்கிற பெரிய கம்பெனி அது. புது இயந்திரங்களை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் கூடத்தில்தான் அவளுக்குப் பயிற்சி. வாசலிலேயே ஒரு பெண்மணி காத்திருந்தார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலைமுடியின் மேல் இன்னொரு கண்ணாடி. கிட்டத்தில் பார்க்க ஒன்று, தூரத்தில் பார்க்க ஒன்று. அத்தை வயது இருக்கும். அந்தக் கூடத்துக்கே தலைமை இன்ஜினியர் அவர்தான். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் பேரைச் சொன்னார். பிறகு அவர் சொன்னது, நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"இங்க மேடம் கீடம் எல்லாம் கிடையாது. எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீயும் என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு."

பாப்பா தலையை ஆட்டினாள். தலை ஆடியதே தவிர நாக்கு அசையவில்லை. அத்தை வயதுப் பெரிய மனுஷியை, அதுவும் சோறு போடுகிற இடத்து மேலதிகாரியை, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது மாதிரி மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? 'மேடம்' என்றால் அவர் முகம் சுளிக்கிறார். 'அக்கா' என்றால் அவருக்குப் புரியாது. 'ஏங்க' என்றால் யாருக்குமே புரியாது. எனவே பாப்பா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவரை அழைக்க வேண்டுமானால் பக்கத்தில் போய் நின்று, "க்கும்" என்று ஒருமுறை இருமுவாள். அவர் திரும்புவார். வேலை முடிந்தது.

ஒரு வாரத்துக்குள் கூடம் முழுக்க அவள் இருமலைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் தேன் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் கழுத்துக்குக் கம்பளித் துண்டு. தலைமை இன்ஜினியர், பாப்பா மனசுக்குள் வைத்த பேரில் இரட்டைக் கண்ணாடி, ஒரு நாள் அவளை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, "மார்ச்சளி உண்டா? டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கவலையோடு கேட்டார். பாப்பா வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஒருமுறை இருமித் தொலைத்தாள். அன்று அவளுக்குக் கட்டாய விடுப்பு.

பாப்பா என்பது அவள் வீட்டுப் பேர். கல்லூரிச் சான்றிதழில் நீளமாக ஒரு பேர் இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும் நேரம் தவிர அதற்கு வேலை இருந்ததில்லை. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற, வாக்குரிமை உள்ள, செருப்பு அளவில் அம்மாவை மிஞ்சிவிட்ட பாப்பா. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவள்தான். முதல் ஆள் என்பதால் அவளைத் தனியாக விடவில்லை. மொத்தக் குடும்பமும் அவள் கூடவே படித்தது. எந்தப் பாடம் எடுப்பது, எந்த பெஞ்சில் உட்காருவது, பரீட்சைக்கு எந்தப் பேனா என்று எல்லாமே வீட்டில் கூடிப் பேசி முடிவாகும். அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. தப்பாகப் போனால் பழி எல்லார் தலையிலும் சமமாக விழும்.

கடல் தாண்டி வந்த பிறகும் அந்தச் சபை கலையவில்லை. செல்போன் கடையில் வேலை பார்க்கும் அண்ணன், அவளுக்கு ஒரு நல்ல போனும் வீட்டுக்கு ஒரு நல்ல போனும் ஏற்பாடு செய்திருந்தான். அவளுடைய மதியச் சாப்பாட்டு வேளை, வீட்டில் சாயங்கால டீ வேளை. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து நால்வரும் உட்காருவார்கள். அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டே கேட்பாள். அப்பா சோபா, கட்டில் விற்கும் கடையில் காவலாளி. பாதி ஆயுளை "சார், தொட்டுப் பார்க்காதீங்க" என்று சொல்லியே கழித்தவர். ஆகவே எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: "எதையும் தொடாத, பாப்பா." ஆனால் கடைசித் தீர்ப்பு அப்பாவுடைய அக்காவிடமிருந்து வரும். அவர்தான் அத்தை. வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே எல்லாருக்கும் அவர் அத்தை.

கடைக்குத் தக்காளி வாங்கப் போனால் போனைத் தக்காளிக் கூடைக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

"அது வேணாம், காம்பு காஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கிறதைத் திருப்பு. இன்னும் கொஞ்சம். அய்யோ, அடியில அடிபட்டிருக்கு பாரு!"

"அத்தை, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டுமே. அவங்களுக்கும் நல்ல தக்காளியா பாத்துச் சொல்றேன்."

கல்லாவில் இருந்த பெண் சீக்கிரமே அத்தைக்குக் கையாட்டப் பழகிவிட்டாள். பாப்பாவோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பெண்ணும் வேறொரு நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்தவள். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். பாப்பாவின் வீட்டில் அவளுக்கு வைத்த பேர் நெட்டை. நெட்டை ஒரு நாள் கேட்டாள்: "உனக்கு எந்தத் தக்காளி பிடிக்கும்?"

பாப்பா யோசித்தாள். உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். தெரியவில்லை. அன்று தூக்கம் வருகிற வரைக்கும் அந்தக் கேள்வி காதுக்குள் ஒரு கொசு மாதிரி சுற்றியது.

இரட்டைக் கண்ணாடியிடமும் இதே தொந்தரவுதான். சோப்புத் தூளின் அளவைப் பற்றியோ தண்ணீரின் சூட்டைப் பற்றியோ ஏதாவது கேட்டால், அவர் உடனே திருப்பிக் கேட்பார்: "நீ என்ன நினைக்கிற?"

"நீங்க சொல்றதுதான்."

"நான் இன்னும் எதுவும் சொல்லலையே."

"நீங்க என்ன சொல்லப் போறீங்களோ, அதேதான்."

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்ப்பார். எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அவருக்குப் பதில் கிடைத்ததில்லை.

கூடம் ஒரு ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் இயந்திரங்கள், நடுவில் தண்ணீர் ஓடும் கால்வாய், வெதுவெதுப்பான சோப்பு வாசனை. சத்தத்துக்குப் பயந்து எல்லாரும் காதில் பெரிய மூடி மாட்டியிருப்பார்கள். காலையில் எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடுவதால் அவை எல்லாம் ஒன்றாகவே துவைக்கும், ஒன்றாகவே அலசும். துணியைப் பிழியச் சுழல்வதற்கு முன்னால் ஒரு கணம் அத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு கணம்தான் கூடத்தில் அமைதி. பிறகு நூறு விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம்.

கோடியில், மஞ்சள் நாடா சுற்றிய இடத்தில், ஒரு இயந்திரம் மட்டும் சத்தமே போடாது. ஓடுகிறதா என்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால்தான் தெரியும். இரட்டைக் கண்ணாடி பல வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு உருவாக்கியது அது. ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கத் துவைக்கிற துணியைச் சில வாரங்களிலேயே அதில் துவைத்துப் பார்த்துவிட வேண்டும். அதுதான் சோதனை. தேறினால் மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்து, தொழிற்சாலைக்கு அனுப்பலாம் என்பார்கள். அந்த இயந்திரத்தை பாப்பாவின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவளுடைய கல்லூரிப் பிராஜெக்டும் அதுதான்.

"ஒரே விதி," என்று முதல் நாளே சொல்லியிருந்தார் இரட்டைக் கண்ணாடி. "எடை போட்டு வச்சிருக்கிற இந்த வெள்ளைத் துணிதான் உள்ள போகணும். வேற ஒரு கைக்குட்டைகூடப் போகக் கூடாது. போச்சுன்னா சோதனை செல்லாது, மறுபடி முதல்லேருந்து."

இந்த விஷயத்தை பாப்பா பெருமையாக வீட்டில் சொன்னாள். சொன்னதுதான் வினை.

அவள் தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காசு போட்டால் துவைக்கிற இயந்திரங்கள் இருந்தன. பாப்பா அதுவரை ஒரு கர்ச்சீப் கூடத் துவைத்ததில்லை. வீட்டில் எல்லாம் அம்மா. இங்கே வந்து சேர்த்துவைத்த துணி, கட்டிலுக்குக் கீழிருந்து மெல்ல மெல்ல வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. நெட்டை காலைத் தூக்கித் தாண்டிப் போவாள். அவளுக்கு அது சுலபம்.

"காசு போட்டுத் துணி துவைக்கிறதா?" அத்தை மூக்கின் மேல் விரலை வைத்தார். "நீ நாள் பூரா எங்கடி வேலை பாக்கிற?"

"துவைக்கிற மெஷின் கூடத்துல."

"அங்க எத்தனை மெஷின் இருக்கு?"

"அது இருக்கும் அத்தை, நிறைய. ஆனா வேற துணி போடக் கூடாது. கைக்குட்டைகூடப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கைக்குட்டைதானே போடக் கூடாது? நீ சுடிதாரைப் போடு."

அண்ணன் கைதட்டிச் சிரித்தான். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாராவது பாத்தா என்ன ஆகிறது?" என்றாள். அப்பா, "எதையும் தொடாத, பாப்பா" என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. அத்தைக்கு ஒரு ஓட்டு, மற்றவர்களுக்கு மூன்று. எனவே அத்தை ஜெயித்தார்.

சனிக்கிழமை கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் முறை பாப்பாவுடையது. வேறு ஈ காக்கை இல்லை. பத்து மாதக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பக்குவத்தோடு, வெள்ளைத் துணிகளுக்கு நடுவே மூன்று சுடிதாரையும் ஒரு தலையணை உறையையும் விட்டாள். வாசலை இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் உள்ளே அவை புரண்டு புரண்டு விழுவதைப் பார்க்கப் பார்க்க, கூச்சமே இல்லாமல் ஒரு சந்தோஷம் பொங்கியது. வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் துணியைத் தானே துவைக்கிறாள்! பொத்தானை அமுக்கியது அவள் விரல்தானே? இரட்டைக் கண்ணாடியின் இயந்திரம் மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல் வேலையை முடித்தது. துணிகள் பளிச்சென்று வந்தன. வீடியோவில் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினாள். சபை ஆரவாரித்தது.

திங்கட்கிழமை காலையில், கோடியில் இருந்த அந்த மௌனசாமி வாயைத் திறந்தது.

கிரிச். கிணிங். கிரிச். கிணிங்.

பாப்பா காது மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். மாட்டிக்கொண்டு கேட்டாள். இரண்டிலும் கேட்டது. சாப்பாட்டு வேளைக்குக் காத்திருக்காமல் அறைக்கு ஓடினாள். துவைத்த சுடிதார்களை உதறினாள். அவள் கிளம்புவதற்கு முன்னால் அம்மா ஒவ்வொரு உடுப்பின் உள்பக்கத்திலும், பக்கத் தையலோரமாக, ஒரு ஊக்கு குத்திவைத்திருந்தாள். அவசரத்துக்கு ஆகும் என்பாள். பட்டன் அறுந்தாலும் துப்பட்டா நழுவினாலும் அந்த ஊக்குதான் மானம் காக்கும். இரண்டு சுடிதாரில் ஊக்கு இருந்தது. மூன்றாவதில் ஊக்கு இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்தான் இருந்தன.

பாப்பா போனை எடுத்தாள்.

சபை அவசரமாகக் கூடியது.

"எந்த ஊக்கு? பித்தளையா, இரும்பா?" என்றாள் அம்மா, அதுதான் முக்கியம் என்பது போல.

"உள்ள சுத்துற தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில போய் மாட்டியிருக்கும்மா. எங்க இன்ஜினியர் இன்னைக்கு லீவு, நாளைக்கு வந்ததும் சத்தத்தைக் கேப்பாங்க. புதன்கிழமை மேலிடத்து ஆளுங்க வேற வர்றாங்க."

"உன்னை யாரும் பாக்கலைல்ல?" என்றார் அத்தை. "அப்ப வாயைத் திறக்காத. மெஷின்னா சத்தம் வரத்தான் செய்யும். நம்ம மிக்சி போடாத சத்தமா?"

"பயிற்சியே முடியப் போகுது," என்றான் அண்ணன். "இப்பப் போய் உளறி வச்சா சர்டிபிகேட் தருவாங்களா? பிராஜெக்ட் என்ன ஆகும்? கம்முனு இரு."

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, "தொடாதன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

நான்கு பேரும் ஒரே பக்கம். இப்படி ஒரு ஏகமனதான தீர்ப்பு அந்த வீட்டில் வந்ததே இல்லை. வழக்கமாக அதைக் கேட்டதும் பாப்பாவுக்கு மனசு லேசாகிவிடும். இன்றைக்கு ஆகவில்லை. போனை வைத்த பிறகும் கிரிச் கிணிங் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பாகப் போனால் பழி எல்லார் தலையிலும் சமமாக விழுமே, இந்தத் தடவை ஏன் அப்படிப் பங்கு போட முடியவில்லை? பொத்தானை அமுக்கியது அவள் விரல்தானே?

செவ்வாய்க்கிழமை இரட்டைக் கண்ணாடி சத்தத்தைக் கேட்டார். குனிந்தார், மண்டியிட்டார், இயந்திரத்தின் முதுகில் காதை வைத்தார். எழுந்தபோது இரண்டு கண்ணாடியும் தலைமேல் இருந்தன. கண் வெறுமையாக இருந்தது.

"பேரிங்," என்றார் மெல்ல. "நான் பேரிங் வச்ச இடம் தப்பு. அப்பவே பாதிப் பேர் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன்."

பாப்பா பக்கத்தில் நின்று இருமினாள். அவர் திரும்பிப் பார்த்தார். பாப்பாவின் வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தேன் சாப்பிடு," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டு, ஒரு அறை விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

புதன்கிழமை காலையில் மேலிடத்து ஆட்கள் வந்து மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இரட்டைக் கண்ணாடி கூடத்தின் மறுகோடியில் இருந்த இரும்புப் படியை நோக்கி நடந்தார். இயந்திரம் தேறவில்லை, வடிவமைப்பே தப்பு என்று தானே போய்ச் சொல்லிவிடப் போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நிமிர்ந்து நடக்கிற ஆள், அன்று பாரம் தூக்கியவர் போல நடந்தார்.

பாப்பா மஞ்சள் நாடாவுக்கு உள்ளே நின்றிருந்தாள். எதிரே கிரிச் கிணிங். இயந்திரத்தின் நெற்றியில் ஒரு சிவப்புக் குமிழ். அதைத் தொட்டால் சோதனை நின்றுவிடும். அவ்வளவு நாள் உழைப்பும், அவளுடைய பிராஜெக்டும் அதோடு போச்சு. 'நீ என்ன நினைக்கிற?' என்று யாரோ கேட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கேட்டது அவளேதான்.

பதிலும் தயாராக இருந்தது. அதுதான் ஆச்சரியம்! கொஞ்ச நாளாகவே அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

சிவப்புக் குமிழை ஓங்கி அமுக்கினாள். கிரிச் நின்றது. நாடாவைத் தாண்டி ஓடினாள். இரட்டைக் கண்ணாடி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"க்கும்!" என்றாள் பாப்பா.

சுற்றிலும் இயந்திரங்களின் இரைச்சல். அவர் காதில் மூடி வேறு. இரண்டாவது படி.

"க்க்கும்! க்க்க்கும்!" நுரையீரலே வெளியே வந்து விழும்படி இருமினாள். மூன்றாவது படி.

அவ்வளவுதான். பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, அடிவயிற்றிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினாள். மேடம் இல்லை, அக்கா இல்லை, முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. வெறும் பேர்.

சரியாக அந்தக் கணத்தில்தான் கூடத்து இயந்திரங்கள் அத்தனையும் பிழிவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்து நின்றன.

பேர் சுவரில் மோதியது, தகரக் கூரையில் மோதியது, மாடிக்குப் போய்த் திரும்பி வந்தது. மேலிடத்து ஆட்கள் கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் எல்லாரும் சிலையாக நின்றார்கள். இரட்டைக் கண்ணாடி காது மூடியைக் கழற்றிவிட்டு மெல்லத் திரும்பினார்.

"உனக்கு என் பேர் தெரியுமா?" என்றார்.

"அது பேரிங் இல்லை," என்றாள் பாப்பா. மூச்சு வாங்கியது. "உங்க மேல தப்பே இல்லை. அது என் ஊக்கு. சனிக்கிழமை என் சுடிதாரை உள்ள போட்டுத் துவைச்சேன். திங்கட்கிழமையே தெரியும். பயந்துட்டுச் சொல்லலை."

அந்த ஒரு கண அமைதி முடிந்தது. நூறு விமானமும் கிளம்பின.

பின்பக்கத் தகட்டைக் கழற்ற இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். இரட்டைக் கண்ணாடி திருகாணிகளை ஒவ்வொன்றாக பாப்பாவின் கையில் வைத்துக்கொண்டே வந்தார். நீளமான இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே வந்தது அம்மாவின் ஊக்கு. வளைந்து, நெளிந்து, ஆனால் எத்தனையோ முறை துவைத்து அலசிப் பிழியப்பட்டு நகைக்கடை வெளிச்சத்தில் வைத்தது போல மினுங்கிக்கொண்டு!

அவர் கிட்டத்துக் கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார். தூரத்துக் கண்ணாடியைப் போட்டு பாப்பாவைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று நினைத்து பாப்பா பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து ஒரு கண்ணாடி கால்வாயில் விழுந்தது. பிறகு சிரிப்பைத் துடைத்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னார்:

"நான் ராத்திரி பூரா தூங்கலை. அதை நீ ஞாபகம் வச்சுக்கோ. இப்ப மேல போய் இதை நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

பாப்பா படியேறினாள். ஊக்கை மேஜைமேல் வைத்தாள். சுடிதார், தலையணை உறை உட்பட ஒன்று விடாமல் சொன்னாள். அத்தையின் பேரை இழுக்கவில்லை. இழுத்திருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டாள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கவனமாக ஒரு கேள்வி கேட்டார்.

"துணி நல்லா வெளுத்துச்சா?"

"ரொம்ப நல்லா வெளுத்துச்சு. எங்க வீட்டுல எல்லாரும் பாத்து அசந்துட்டாங்க."

மாடியே சிரித்தது. ஆனாலும் விதி விதிதான். சோதனை செல்லாது, முதலிலிருந்து நடத்த வேண்டும், அதன் பிறகுதான் முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உன் பயிற்சி அடுத்த வாரம் முடியுது," என்றார் இரட்டைக் கண்ணாடி, படியிறங்கும்போது. "இதை நடத்த வேற ஆளைப் போட்டுக்கலாம். இல்லன்னா உன் காலேஜுக்கு நான் எழுதறேன், நீ இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போகலாம். மறுபடி முதல்லேருந்து. வெள்ளைத் துணி மட்டும். நீ என்ன நினைக்கிற?"

'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்பது பாப்பாவின் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வாக்கியம். அது கிளம்பியும் விட்டது. பல்லுக்குப் பின்னால் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் இருக்கேன்," என்றாள். சொன்ன பிறகு அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக இன்னொரு தடவை சொன்னாள். "நான் இருந்து முடிக்கிறேன்."

சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். நெட்டை வந்து எந்தப் பொத்தான் என்று காட்டட்டுமா என்று கேட்டாள். "துவைக்கிற மெஷின் பத்தி எனக்கா?" என்று பாப்பா மிதப்பாகக் கேட்டுவிட்டு, சோப்புத் தூளைக் காசு போடும் இடத்தில் கொட்டினாள். நெட்டை சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா அதைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு உடுப்பிலிருந்தும் ஊக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து ஒரு சங்கிலியாக்கித் தன் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டாள். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் வீட்டைக் கூப்பிட்டாள்.

நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"இன்னும் தங்கப் போறியா? யாரைக் கேட்டு?" என்றார் அத்தை.

"யாரையும் கேக்கலை அத்தை. இப்பச் சொல்றேன்."

அம்மா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினாள். அண்ணன், "டிக்கெட்டை யாரு மாத்துவா?" என்றான்.

"மாத்திட்டேன்."

அப்பா போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய மூக்குதான் திரை முழுக்கத் தெரிந்தது. "அந்தச் சிவப்புக் குமிழை நீயே தொட்டியா, பாப்பா?"

"ஆமாப்பா."

"ஓங்கித் தொட்டியா?"

"ஓங்கி."

அவர் மூக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை மேலும் கீழுமாக ஆடியது.

அத்தைதான் விடவில்லை. "அதெல்லாம் சரி. அந்த அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு சொன்னியே, அவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"உங்க வயசு அத்தை."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லார் எதிர்லயும்."

"கோவமே வரலையா?"

"சந்தோஷப்பட்டாங்க அத்தை. 'உனக்கு என் பேர் தெரியுமா'ன்னு கேட்டாங்க."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் யாரும் இல்லாமல் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு அவர் அக்கா, அம்மாவுக்கு அண்ணி, மற்றபடி ஊருக்கே அத்தை. ரேஷன் கார்டில் மட்டும் ஒரு பேர் இருக்கிறது. அது நல்ல பேர்தான்.

"என் பேர் உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அத்தை."

"எங்க, சொல்லு. எப்படி இருக்குன்னு பாக்கிறேன்."

"போங்க அத்தை!"

"சொல்லுடின்னா. அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவில் ஊக்குச் சங்கிலி கிணுகிணுத்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

"க்கும்," என்றாள்.

அந்தப் பக்கம் வீடே வெடித்துச் சிரித்தது. அண்ணன் தரையில் உருண்டான். அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் அசையவில்லை. சர்க்கரை டப்பாவைக் கிட்டே இழுத்து, போனுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வா," என்றார். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."